மூன்று பேர் பிரான்சைஸ் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? பாபநாசம் இனிப்புக் கடைக்காரருக்கு என் பதில்

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏழு வருடமாக மனைவியோடு சேர்ந்து இனிப்பு, காரக் கடை நடத்துகிறார். அசோகா என்கிற பயத்தம் பருப்பு அல்வாவும் கைமுறுக்கும்தான் கடையின் பேர் சொல்லும் சரக்கு. சாதாரண நாளில் 22,000 ரூபாய் வியாபாரம், முகூர்த்த நாளில் அதைப்போல இரண்டு மடங்கு. இப்போது மயிலாடுதுறை, காரைக்கால், சென்னை என மூன்று இடங்களிலிருந்து பிரான்சைஸ், அதாவது இவர் கடைப் பெயரிலேயே தங்கள் ஊரில் கடை நடத்தும் உரிமை, கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். காரைக்கால்காரர் 50,000 ரூபாய் முன்பணமே கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இது போக, மாதம் 35,000 கொடுத்தால் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் கடையைப் பிரபலப்படுத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறாராம். பிரான்சைஸுக்கு எவ்வளவு வாங்கலாம், எதை முதலில் செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, நான் கும்பகோணத்தில் 26 வருடம் இதே தொழிலில் இருந்தவன். திருத்துறைப்பூண்டியிலும் மயிலாடுதுறையிலும் சொந்தக் கிளை நடத்தினேன், தாம்பரத்தில் ஒருவருக்குப் பிரான்சைஸ் கொடுத்தேன். அதில் மயிலாடுதுறை மட்டும்தான் நிலைத்தது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு மூன்று பேருக்கும் கொடுக்காதீர்கள். முதலில் நீங்களே இரண்டாவது கடை ஒன்றைப் போட்டு, அதில் நீங்கள் உட்காராமல் ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள்.

ஏன் என்றால், உங்கள் கடையில் ஜனங்கள் வாங்குவது எது என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. அசோகாவை வாங்குகிறார்களா, உங்கள் மனைவியின் கைப்பக்குவத்தை வாங்குகிறார்களா, கல்லாவில் நீங்கள் இருந்து "என்னக்கா, பொண்ணுக்குக் குழந்தை பொறந்தாச்சா" என்று கேட்பதற்காக வருகிறார்களா? மூன்றும் கலந்துதான் வியாபாரம் நடக்கிறது. இதில் பிரான்சைஸாக அடுத்தவரிடம் கொடுக்கக்கூடியது முதலாவது மட்டும்தான். அதுவும் எழுதி வைத்திருந்தால்தான்.

எழுதி வைப்பது என்றால் என்னவென்று சொல்கிறேன். எங்கள் பட்டறையில் இருந்த மாஸ்டருக்கு அசோகா தண்ணீர்பட்ட பாடு. தாம்பரத்துக்காரருக்குக் கொடுப்பதற்காக அளவு எழுத உட்கார்ந்தேன். சர்க்கரை பித்தளைப் படியில், கோதுமை மாவு கைப்பிடியில், நெய் கரண்டியில் என்று அவர் கணக்கு. ஒரு ஈடுக்கு அவர் கைப்பிடியாக அள்ளிப்போடும் மொத்த மாவையும் ஆறு நாள் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் 180 கிராம், இன்னொரு நாள் 240 கிராம். ஆனால் அல்வா மட்டும் ஆறு நாளும் ஒரே மாதிரி வந்தது! அப்புறம்தான் கவனித்தேன். மாவு கூடிப்போன நாளில் அவர் தன்னையறியாமல் நெய்யை இன்னொரு கரண்டி விடுகிறார், அடுப்பைக் கொஞ்சம் தணிக்கிறார். அளவு தப்பினால் கை அதைச் சரிசெய்துவிடுகிறது. அந்தக் கை தாம்பரத்தில் இல்லையே.

அதனால் அளவை மட்டும் எழுதினால் போதாது, அடையாளத்தையும் எழுத வேண்டும். பயத்தம் பருப்பை வறுக்கும்போது எந்த வாசனை வந்ததும் இறக்குவது, வெந்த பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நடுவில் நெருடல் இருக்கலாமா கூடாதா, மாவு நெய்யில் எந்த நிறத்துக்கு வரவேண்டும், நெய்யை எத்தனை தடவையாகப் பிரித்து விடுவது, கரண்டியோடு மொத்தமும் சேர்ந்து நகர்ந்து ஓரத்தில் நெய் கசிந்த பிறகு எத்தனை நிமிடம் கிண்டுவது, இப்படி ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும்விட எனக்குக் கடைசியில் உதவியது ஒரே ஒரு எண்தான். வெறும் உருளியின் எடையை எழுதிவைத்துக்கொண்டு, கிண்டி இறக்கியதும் உருளியோடு நிறுத்துப் பார்ப்பது. ஒரு ஈடுக்கு இத்தனை கிலோ வரவேண்டும் என்று நிர்ணயித்துவிட்டால், எடை குறைந்த நாளில் தண்ணீர் அதிகம் வற்றிவிட்டது, கூடிய நாளில் இன்னும் கிண்ட வேண்டும் என்று புதுப் பையனுக்குக்கூடப் புரிந்துவிடும். நாளைக்கே நீங்கள் இதை ஆரம்பிக்கலாம், ஒரு தராசைத் தவிர வேறு செலவு கிடையாது.

இவ்வளவு எழுதிக் கொடுத்தும் தாம்பரத்தில் அசோகா சரியாக வரவில்லை. பருப்பு திப்பித்திப்பியாக நிற்கிறது என்று தினமும் போன். மாஸ்டரை அனுப்பினேன், அவர் செய்தும் அப்படியேதான் வந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அங்கே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். கடினமான தண்ணீரில் பருப்பு சரியாக வேகாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த விஷயம். நாங்கள் நல்ல தண்ணீரிலேயே காலம் பூராவும் சமைத்தவர்கள், அது புத்தியில் படவில்லை. உப்பு நீக்கிய தண்ணீருக்கு மாறிய பிறகு சரியானது. அதற்குள் முதல் தீபாவளி போய்விட்டது, வந்த வாடிக்கையும் போய்விட்டது. நஷ்டத்தை ஈடுகட்ட அவர் நெய்யில் வனஸ்பதி கலக்க ஆரம்பித்தார். போர்டில் இருந்தது என் கடைப் பெயர்.

பிரிந்தபோது இன்னொரு பாடமும் கிடைத்தது. "ஒப்பந்தம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு இதே தொழில் செய்யக்கூடாது" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தேன். வக்கீல் அதைப் படித்துவிட்டு, இது கோர்ட்டில் நிற்காது என்றார். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு கட்டுப்பாடு போடலாம், முடிந்த பிறகு போட முடியாது. என் பெயரை எடுக்கச் சொல்லலாம், அல்வா கிண்டாதே என்று சொல்ல முடியாது. பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம், வரிச் சட்டங்கள் இவற்றை வைத்துத்தான் எல்லாம் ஓடுகிறது. அவர் என் போர்டை இறக்கிவிட்டு அதே அடுப்பில், நான் எழுதிக்கொடுத்த செய்முறை நோட்டை வைத்துக்கொண்டு வேறு பெயரில் கடையைத் தொடர்ந்தார். நான் வாங்கிய நாலு லட்சத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

இதிலிருந்து நான் கண்டது: நோட்டைக் கொடுக்காதீர்கள், சரக்கைக் கொடுங்கள். உங்கள் பட்டறை பாபநாசத்தில் இருக்கட்டும். விடியற்காலை வண்டி கிளம்பி எவ்வளவு தூரம் போய் ஏழு மணிக்குள் இறக்க முடிகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி எல்லாம் அந்த எல்லைக்குள் வரும். சென்னை வராது. அங்கே ஒரு பட்டறை போட்டுத்தான் ஆகவேண்டும், பட்டறை போட்டால் நோட்டு கைமாறிவிடும்.

அடுத்தது பெயர். இதற்கு உங்கள் பக்கத்து ஊர் காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். "கும்பகோணம் டிகிரி காபி" என்ற போர்டைத் தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் பார்க்கவில்லை? பித்தளை டபராவும் டம்ளரும் வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றில் பெரும்பாலான கடைக்கும் கும்பகோணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பெயரை யாரும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது ஒருவருக்குச் சொந்தமானதே இல்லை. ஊர்ப் பெயரும் பண்டத்தின் பெயரும் சேர்ந்த சொல்லை ஒருவர் தன் சின்னமாகப் பதிவது மிகக் கஷ்டம். 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. "பாபநாசம் அசோகா" என்று நீங்கள் பிரபலப்படுத்தினால், நீங்கள் செலவழித்து ஊருக்கு விளம்பரம் செய்கிறீர்கள், எதிர்க்கடைக்காரரும் அதையே எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் கடைப் பெயரில் குடும்பப் பெயரோ, வேறு யாரும் வைக்காத ஒரு சொல்லோ இருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள். இனிப்பு, காரம் 30-ஆவது வகுப்பு. கடை, பிரான்சைஸ் தொடர்பான சேவை 35. மேசை போட்டுப் பரிமாறுவதாக இருந்தால் 43. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், வக்கீல் செலவு தனி. பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. ஏழு வருடமாக அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள். முதல் வருடத்துப் பில் புத்தகம், அச்சடித்த பெட்டியின் ரசீது, போர்டு எழுதிய பில், எது கிடைத்தாலும் பரணிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. பதிவு கைக்கு வருவதற்கு முன் பெட்டியில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுவிடாதீர்கள், அது குற்றம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். "எவ்வளவு வாங்கலாம்" என்று கேட்டீர்கள். நான் அந்தப் பக்கம் நின்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மயிலாடுதுறைக்காரர் 8 லட்சம் போட்டு உங்கள் பெயரில் கடை திறக்கிறார், நாளைக்கு 8,000 வியாபாரம் என்று வையுங்கள். மாதம் 2,40,000. சரக்கில் அவருக்கு நிற்பது நூற்றுக்கு 30 என்றால் 72,000. வாடகை 18,000, இரண்டு ஆள் சம்பளம் 24,000, கரண்டும் பெட்டி, கவர் செலவும் 10,000, வீணாவது நூற்றுக்கு 3 என்றால் 7,200. உங்கள் பெயரைப் பயன்படுத்துவதற்காக வியாபாரத்தில் நீங்கள் 5 சதவீதம் ராயல்டி கேட்டால் 12,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,160. கூட்டிப் பாருங்கள், 73,360 வருகிறது. மாதம் 1,360 கைநஷ்டம், அவர் உழைப்புக்கு ஒரு ரூபாய் இல்லை. அந்த 18 சதவீதத்தை அவர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமே என்றால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடையோ, காம்போசிஷனில் (சிறு வியாபாரி மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் கடையோ, 5 சதவீதம் கட்டும் ஓட்டலோ அதைச் செய்ய முடியாது. அவர் வீட்டுக்கு மாதம் 30,000 எடுத்துப்போக வேண்டுமென்றால் நாளைக்கு 13,000 விற்க வேண்டும். பெயர் தெரியாத ஊரில் முதல் வருடமே அது நடக்குமா?

நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று தாம்பரத்தில் பார்த்தேன். நெய் குறையும், நேற்றைய முறுக்கு இன்றைய தட்டில் ஏறும். அவர் நஷ்டப்பட்டால் உங்கள் பெயர் கெடும், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை. அதனால் ராயல்டியே கேட்காதீர்கள். பெரிய தொகை நுழைவுக் கட்டணமும் வேண்டாம். கொடுக்கும் சரக்கில் உங்களுக்கு நியாயமான லாபம் வையுங்கள், அவருக்கு 30 நிற்கட்டும். அவர் விற்றால்தான் உங்களுக்கு வருமானம் என்று இருந்தால், அவர் கடையில் கூட்டம் இல்லாத நாளில் உங்களுக்கே தூக்கம் வராது. அதுதான் தேவை. ஒரு டெபாசிட் மட்டும், பிரியும்போது திருப்பித் தருவதாக எழுதி, வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குப் பிரான்சைஸ் என்று பெயர் வைக்கத் தேவையில்லை, ஏஜென்சி என்றே சொல்லலாம்.

நீங்கள் 1 சதவீத காம்போசிஷனில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் காரைக்கால்காரர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் காரைக்கால் பக்கத்து ஊர். திருநள்ளாறுக்குச் சனிக்கிழமை போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் வரிச் சட்டத்துக்கு அது புதுச்சேரி, வேறு மாநிலம். காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது. ஒரு பெட்டி முறுக்கு அனுப்பினாலும் அந்தத் திட்டத்துக்கான தகுதி போய்விடும். காம்போசிஷனை விட்டு ரெகுலர் ஜி.எஸ்.டி. பதிவுக்கு மாறிய பிறகுதான் காரைக்காலைப் பற்றி யோசிக்கவே வேண்டும். எப்படியும் வருட வியாபாரம் ஒன்றரைக் கோடியைத் தாண்டினால் காம்போசிஷன் கிடையாது, இரண்டாவது கடை வந்தால் அந்த நாள் தூரத்தில் இல்லை. ஆடிட்டரிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி, பட்டறைக்கு உற்பத்தி என்று எடுத்திருக்க வேண்டும். ஏஜென்சிக்காரர் தன் பெயரில் அவர் கடைக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது கடையை எங்கே போடுவது? எனக்குக் கும்பகோணமா தஞ்சாவூரா என்றால் கும்பகோணம்தான் படுகிறது, நான் அந்த ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. நவக்கிரகக் கோயில் சுற்றுகிறவர்கள் அங்கேதான் தங்குகிறார்கள், சுற்று வட்டாரக் கல்யாணச் சாமான் வாங்குகிறவர்களும் அங்கேதான் வருகிறார்கள். 2028-இல் மகாமகம் வருகிறது. 2016 மகாமகத்தில் நான் கடை வைத்திருந்தேன், அந்தப் பத்து நாளை மட்டும் நம்பிக் கடை பிடித்தவர்கள் பங்குனியில் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குமுன் ஒன்றரை வருடமாவது ஊருக்குப் பழகிய கடையாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் வாங்குகிறவர் உங்கள் பெட்டியைத் தமிழ்நாடு பூராவும் எடுத்துப் போவார். கோயில் கூட்டத்தை நம்பி வாடகை பேசாதீர்கள். யாத்திரைக்காரர் ஒரு தடவை வாங்குவார், தெருக்காரர் வாரம் ஒரு தடவை வாங்குவார். வாடகையை இரண்டாமவர் கட்ட வேண்டும், முதலாமவர் கொடுப்பது மேல்வரும்படி.

புறவழிச்சாலையில் இடம் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். விக்கிரவாண்டி தஞ்சாவூர் நாலுவழிச்சாலை வந்த பிறகு வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் போவது உண்மைதான். ஆனால் சாலையோரக் கடை வேறு தொழில். அங்கே காரை நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, காபி, இவை மூன்றும்தான் வியாபாரம், இனிப்பு நாலாவது.

ஒரு முழு வருடம் ஓட்டிப் பாருங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துப் பணம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்து போவது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஊர் முகமே மாறும், ஆனால் அப்போது பணம் வயலுக்குள் போகிற காலம். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, கணக்கில் பணம் ஏறும்போது தீபாவளி வந்து சேரும். தை, மாசியில் சம்பா பணமும் முகூர்த்தமும் சேர்ந்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தை மாதம் திறந்து பங்குனியில் கணக்குப் பார்க்கிறவர் நாலு கிளை போடலாம் என்று நினைப்பார். ஆடி மாதம் கணக்குப் பார்க்கிறவர் பூட்டிவிடலாம் என்று நினைப்பார். நீங்கள் ஆடியில் தொடங்கி அடுத்த ஆடி வரைக்கும் கணக்கு எழுதுங்கள்.

கையிருப்பும் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது திருத்துறைப்பூண்டிக் கடையின் கூரைத் தகடு பறந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அது பெரிய அடி இல்லை. அந்தப் பக்கத்துத் தென்னை பூராவும் சாய்ந்துபோனது, மாதா மாதம் தேங்காய்க் காசு பார்த்த வீடுகளுக்கு அது நின்றுபோனது. சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கிறவரிடம் அல்வா விற்க முடியாது, விற்கவும் மனசு வராது. அந்த ஒரு வருடம் தாக்குப்பிடிக்கப் பணம் இல்லாமல்தான் மூடினேன். புதுக்கடைக்கு ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனிக் கணக்கில் போட்டுவைத்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

இப்போது விளம்பரம். மாதம் 35,000, வருடத்துக்கு 4,20,000. வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர் ஒரு தடவை வருவார், படம் எடுப்பார், கால் கிலோ வாங்குவார். கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் பட்டறை இப்போது ஒரு நாளைக்குக் கிண்டுவதே அன்றைக்குத் தீர்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரக்கு இல்லாத கடைக்குக் கூட்டத்தைக் கூட்டி என்ன பயன்? வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அதுவும் வீடியோவாகிவிடும். கூகுள் மேப்பில் கடைப் பெயர், நேரம், போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குச் செலவில்லை. உங்கள் மகனோ மருமகளோ காலையில் உருளியிலிருந்து அல்வா இறங்கும்போது பத்து நொடி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடட்டும். அது போதும்.

உங்களுக்கு வியாபாரம் வளரும் இடம் சீர் பட்சணம். என் கடையில் மொத்த வரும்படியில் பாதி அதில்தான் வந்தது. ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று, பதினோரு சுற்று என்று கைமுறுக்குச் சுற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் கடையில் சுற்றும் அம்மாக்கள் இரண்டு பேர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பிரான்சைஸ் கேட்டு வந்த மூன்று பேரையும்விட அவர்கள் முக்கியம். அவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள், ஆளுக்கு ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கச் சொல்லுங்கள், பழக்குவதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். மாவில் ஈரம் எவ்வளவு, விரலை எவ்வளவு முறுக்குவது என்பதை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

சீர் ஆர்டர் யார் வழியாக வருகிறது? மண்டபத்தில் சமைக்கும் காண்ட்ராக்டர் வழியாகத்தான். பாபநாசம், அய்யம்பேட்டை, சுவாமிமலை வட்டாரத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீங்களே ஒரு கிலோ அசோகாவும் ஒரு தட்டு முறுக்கும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கமிஷன் எவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசி, கல்யாணம் முடிந்த மறுநாளே கொடுத்துவிடுங்கள். மறுநாளே கொடுப்பதுதான் முக்கியம், அவர்களை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற கடைகள் நிறைய. ஆர்டரைப் பொண்ணு வீட்டாரின் போன் நம்பரோடு நோட்டில் எழுதுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு, முதல் வருடம் தலைதீபாவளி, பொங்கல் சீர் என்று அந்த ஒரு வீட்டிலிருந்தே இன்னும் மூன்று ஆர்டர் வரும், நீங்கள் ஞாபகம் வைத்து ஒரு போன் பண்ணினால்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராஜகிரி, பண்டாரவாடைக்காரர்கள் எத்தனை பேர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்! விடுமுறைக்கு வந்து சஃபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், கிளம்பும்போது ஒவ்வொருவரும் பலகாரம் எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு மாதம் தாங்கும் முறுக்கு, பெட்டிக்குள் நசுங்காத டப்பா, எடையும் செய்த தேதியும் தெளிவாக அச்சடித்த லேபிள். தாங்குமா தாங்காதா என்பதை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெம் இருக்கிறது. நெல் ஆராய்ச்சிக்காகத் தொடங்கி வளர்ந்த இடம். அங்கே பரிசோதனைக் கூடம் உண்டு, சிறு தொழில்காரர்களுக்கு வழி சொல்கிறார்கள். முறுக்கை அங்கே கொடுத்து, எத்தனை நாளில் சிக்கு வாடை வருகிறது, நைட்ரஜன் அடைத்த கவரில் போட்டால் எத்தனை நாள் கூடுகிறது என்று சோதித்து எழுதி வாங்குங்கள். எண்ணெயையும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போட்ட முறுக்கு எந்தக் கவரிலும் நிற்காது, பயன்படுத்திய எண்ணெயில் கெட்டுப்போன கூறு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அசோகாவை மட்டும் தூர ஊருக்கு அனுப்ப ஆசைப்படாதீர்கள். அது நெய்யும் பருப்புமாக நாலு நாளில் சாப்பிட வேண்டிய பண்டம். கடைத் தட்டில் வைக்கும் இனிப்புக்கும் எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி எழுதிவைக்க வேண்டும், 2020 அக்டோபரிலிருந்து அது விதி. பல கடைகள் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள்.

கும்பகோணம் கடை ஒரு ஆடி தாண்டி அடுத்த ஆடியையும் பார்த்துவிட்டால், மயிலாடுதுறைக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் நல்லவரா என்று அதற்குள் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இந்த வருட தீபாவளிக்கு அவர் ஊரில் சீட்டுப் பிடித்து ஆர்டர் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கமிஷன் பேசிக்கொள்ளுங்கள். பணத்தைச் சொன்ன தேதியில் கொடுக்கிறாரா, மிஞ்சிய சரக்கைப் பற்றி உண்மையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். 8 லட்சம் போடுகிறவரைப் பற்றி நான் கேட்கும் ஒரே கேள்வி, கடையில் அவர் உட்காருவாரா, ஆள் வைத்து நடத்துவாரா என்பதுதான். ஆள் வைத்து நடத்துகிறவருக்குக் கொடுக்காதீர்கள். சென்னைக்காரரிடம், முறுக்கும் சீடையும் பெட்டியாக வாங்கி விற்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் பில் போட்டுக் கொடுங்கள், உங்கள் பெயரில் போர்டு வேண்டாம்.

காரைக்கால்காரரின் 50,000 உங்களிடம் இருக்கக்கூடாது. ரொக்கமாக வாங்கினீர்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நாளைக்கு அவர் அங்கே உங்கள் பெயரில் போர்டு மாட்டிவிட்டு "முன்பணம் கொடுத்திருக்கிறேனே" என்றால் உங்களிடம் பதில் இருக்காது. இந்த வாரமே நேரில் போய், வரி விஷயத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். பணத்தை அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். "முன்பணம் திரும்பப் பெற்றுக்கொண்டேன், இருவருக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இல்லை" என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், வீட்டுக்கு ஒரு கிலோ அசோகா எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் பில் போட்டு விற்காதீர்கள்.